மாப்பிள்ளை வீட்டுப் பழத்தட்டு

கீழப்பொய்கைப் பழமண்டியில் அறிவுக்கு எப்போதுமே வரத்து குறைவு. யோசனைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. லாரி லாரியாக வந்து இறங்கும்.

மண்டிச் சங்கத்துக்குத் தலைவர் தளவாய் அண்ணாச்சி. மாம்பழ வியாபாரி. ஒரு மாங்காயைக் கையில் கொடுத்தால் எந்தத் தோப்பு, எந்த மரம், கிழக்குக் கிளையா மேற்குக் கிளையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். கையில் இருப்பது மாங்காய்தான் என்பதை மட்டும் பக்கத்தில் நிற்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர்கள் மூன்று பேர். வாழைத்தார்களை அறைக்குள் அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் வண்டிமலையான் ஒருவர். வருஷம் முழுக்கப் புகையிலேயே இருந்து கண் சிவந்துபோனதால், பார்க்கிறவர்களெல்லாம் அவருக்கு ஏதோ துக்கம் என்று நினைத்து ஆறுதல் சொல்வார்கள். எதையும் வெட்டிப் பார்த்தால்தான் நம்புகிற பப்பாளி பட்டமுத்து இன்னொருவர். மூன்றாமவர் திராட்சை இசக்கியப்பன். பெட்டியின் மேல் அடுக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். அடி அடுக்கைப் பற்றிக் கேட்டால் வீட்டில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்று நால்வருக்கும் பெயர். ஒருமுறை ‘பழங்களைத் தொடாதீர்கள்’ என்று எழுதின பலகை ஒன்று சங்கத்துக்கு நன்கொடையாக வந்தது. பலகையை வாசலில் மாட்டினார்கள். மாட்டிவிட்டு, தாங்களும் தொடவில்லை. சரக்கெல்லாம் அழுகி மண்டியே நாறியது. எலிகளுக்குப் படிக்கத் தெரியாததால் அவை மட்டும் சாப்பிட்டன. கடைசியில் காற்றடித்துப் பலகை தானாகத் திரும்பிக்கொண்ட பிறகுதான் வியாபாரம் மறுபடி தொடங்கியது.

அப்பேர்ப்பட்ட தளவாய் அண்ணாச்சியின் மகள் காந்திமதிக்குத் தென்காசிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சிவசைலம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயமெல்லாம் அவன் தகப்பனாரைப் பற்றித்தான்.

அவர் பெயர் உலகநாதன். ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளதை உள்ளபடியே வரைவார். அதிலும் பழத்தைத் தவிர வேறெதையும் வரைய மாட்டார். ஏற்கனவே இரண்டு சம்பந்தம் அந்தப் பழங்களாலேயே முறிந்திருந்தது. முதல் பெண் வீட்டுக்காரர் அவர் வரைந்த மாதுளையைப் பார்த்து, “அடடா, காலண்டர் மாதிரியே இருக்கு” என்றார். வந்த காபியைக் குடிக்காமல் உலகநாதன் எழுந்து போய்விட்டார். இரண்டாவது வீட்டுக்காரர், “இதுக்கு ஒரு போட்டோ எடுத்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே” என்று அக்கறையாகத்தான் கேட்டார். அன்றைக்குக் காபி வருவதற்கு முன்பே உலகநாதன் எழுந்துவிட்டார்.

காந்திமதி பையனைக் கோயில் பிரகாரத்தில் ஒரே ஒரு தரம் பார்த்தவள். அன்றிலிருந்து தலையில் பூ வைக்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டாள். தாய் செண்பகம் இதைக் கவனித்து, “ஏங்க, புள்ளை கண்ணாடியப் பாத்தா சிரிக்குது, பாத்தியளா?” என்று புருஷனிடம் சொன்னாள். தளவாய் மறுநாளே வேறு கண்ணாடி வாங்கிவந்து மாட்டினார்.

ஆனால் மகள்மேல் உயிர். இந்தச் சம்பந்தம் மட்டும் கைநழுவக் கூடாது என்று ஊரிலுள்ள எல்லாச் சாமிக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் சித்தப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெரிய சட்டம். மேலே ஒரு முழம் மல்லிகை, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம்.

“அண்ணன் சீரா அனுப்பியிருக்காவ. தன் கையால வரைஞ்சது. ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாவ” என்றார் சித்தப்பா. “இதைப் படமா நெனைக்கக் கூடாதாம். பழமாவே நெனைக்கணுமாம். நிச்சயத்தன்னிக்கு வந்து, நீங்க எப்படி நெனைச்சிருக்கியன்னு அவுகளே பாப்பாவ.”

இவ்வளவும் சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். தளவாய் துணியை விலக்கினார்.

பித்தளைத் தாம்பாளம் ஒன்று. அதில் மூன்று மாங்கனி. இரண்டு பழுத்தது, ஒன்று பச்சைக் காய். பின்னால் ஒரு சீப்புச் செவ்வாழை. தாம்பாளத்து விளிம்பில் வழிகிற மாதிரி கறுப்புத் திராட்சைக் கொத்து, அதன்மேல் பனித்துளி. முன்னால் பாதியாக வெட்டின பப்பாளி. அதில் ஒரு கீற்று இல்லை. பக்கத்தில் ஒரு கத்தி. முன்னால் இருந்த மாம்பழத்தின் மூக்கில் ஒரு ஈ.

தளவாய் எத்தனையோ பழத்தைப் பார்த்த மனுஷன். ஆனால் பழத்தை விற்கிற அவசரம் இல்லாமல், வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. தொண்டைக்குள் ஏதோ இனிப்பாக இறங்கியது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் செண்பகம். “ஆணி அடிச்சு அந்தச் சுவத்துல மாட்டுங்க.”

“கூறு இருக்கா ஒனக்கு? பழத்தை யாராவது ஆணியில மாட்டுவாவளா?”

“இது படங்க.”

“படம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் இருக்கு. ஆனா சம்பந்தி பழமா நெனைக்கச் சொல்லியிருக்காவ. ரெண்டு கல்யாணம் நின்னது எதனால? நெனைக்கத் தெரியாததனால. நாம நெனைச்சுக் காட்டணும்.”

காந்திமதி அடுப்படி வாசலில் நின்றபடி, “யப்பா, அதை அப்படியே துணியச் சுத்தி வச்சிருங்க. அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, நான் இந்த வீட்டுலயே காயா உக்காந்திருக்க வேண்டியதுதான்” என்றாள்.

மகளின் குரலில் இருந்த நடுக்கத்தைத் தளவாய் கேட்டார். கேட்டதும், இது ஒற்றை ஆள் நினைக்கிற காரியமில்லை என்று அவருக்குப் பட்டது. மூன்று பேருக்கும் ஆள் அனுப்பினார்.

மண்டியில் எந்தச் சரக்கும் எடை போடாமல் உள்ளே வராது. கூடையோடு எடை போட்டு, கூடையின் எடையைக் கழிப்பது வழக்கம். இதற்குக் கூடை மரச்சட்டம்தானே? சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையிலிருந்து அதே அளவில் ஒரு வெறுஞ்சட்டம் வாங்கிவந்து, மண்டித் தராசை வீட்டுக்கே தூக்கிவந்து இரண்டையும் எடை போட்டுக் கழித்தார்கள். பழத்தின் நிகர எடை ஒரு வெற்றிலைக் கட்டுக்குக்கூட வரவில்லை.



“இம்புட்டுப் பழம். கனமே இல்லையே வே” என்றார் வண்டிமலையான்.

“உள்ள கொட்டை இருக்காது” என்றார் இசக்கியப்பன்.

“பப்பாளியில விதை கண்ணுக்கு முன்னால தெரியுதே.”

“விதை இருக்கு. சதைதான் இல்ல.”

“வெட்டிப் பாத்தா தெரிஞ்சுரும்” என்று பட்டமுத்து இடுப்பிலிருந்த கத்தியைத் தொட்டார்.

தளவாய் கையை உயர்த்தினார். “மாப்பிள்ளை வீட்டுச் சரக்கு. எடையைப் பத்தி யாரும் வாயத் தொறக்கப்படாது.”

இசக்கியப்பன் மட்டும் படத்தை மெல்லத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் துணி. அவர் முகத்தில் பக்தி வந்தது.

“அண்ணாச்சி, மேல மட்டும்தான் சரக்கு. அடி அடுக்கு சுத்தமாக் காலி! நான்கூட மனசு கேக்காம அடியில நாலு கொத்தாவது வைப்பேன். சம்பந்தி நமக்கெல்லாம் மேல.”

மோந்து பார்த்தார்கள். பழ வாசனை இல்லை. எண்ணெய் வாசனை அடித்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பளபளப்புக்குப் பழத்தின்மேல் எண்ணெய் தடவுவது தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

அடுத்து ஈ. இசக்கியப்பன் துண்டை வீசி விரட்டினார். அது அசையவில்லை. இன்னும் பலமாக வீசினார். அது மாம்பழத்தின் மூக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

“என்ன ஈ வே இது, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு!”

“மாப்பிள்ளை வீட்டு ஈ. நாம சொன்னாக் கேக்குமா?” என்றார் தளவாய். இசக்கியப்பன் சட்டென்று துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஈயை யாரும் விரட்டவில்லை. சம்பந்தி வரும்போது ஆள் குறைந்திருக்கிறது என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதல்லவா?

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பட்டமுத்து பப்பாளியைக் கவனித்தார். பப்பாளியிலேயே பிறந்து வளர்ந்த கண்.

“அண்ணாச்சி. ஒரு கீத்து குறையுது.”

சீர்த்தட்டில் முழுப் பழம் வைப்பதுதான் முறை. வெட்டின பழத்தை யாரும் சீராக அனுப்ப மாட்டார்கள். கத்தி வைப்பது அதைவிடக் கெட்ட சகுனம். அப்படியானால் அனுப்பும்போது பழம் முழுசாக இருந்திருக்க வேண்டும். வழியில் யாரோ வெட்டித் தின்றுவிட்டுக் கத்தியையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“அந்தச் சித்தப்பா மோர் குடிச்சாரு. பப்பாளி தின்னவன் மோர் குடிப்பானா?” என்றார் வண்டிமலையான்.

“தின்னதனாலதான் தாகம் எடுத்திருக்கு” என்றார் இசக்கியப்பன்.

“ஆட்டோக்காரன்?”

“அவன் ரெண்டு கையும் வண்டியிலல்லா இருந்திருக்கும்?”

“கத்தி யாருதுன்னு பாருங்க. கத்தியப் பிடிச்சா ஆளப் பிடிச்சிரலாம்.”

எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள். பிறகு பட்டமுத்துவின் இடுப்பைப் பார்த்தார்கள். பட்டமுத்து பதறித் தன் கத்தியை உருவிப் படத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிடி வேறு. அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. ஆனால் மனம் உடைந்துபோய், அவர் அன்று முழுக்க எதையுமே வெட்டவில்லை.

“சம்பந்திகிட்டக் கேட்டிருவமா?” என்றார் இசக்கியப்பன்.

“கேட்டா, நீங்க அனுப்புன சரக்குல குறைன்னு சொன்ன மாதிரி ஆயிரும். கேக்காட்டி, நாம தின்னுட்டமுன்னு ஆயிரும்” என்றார் தளவாய். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்படியிலிருந்து செண்பகம், “நீங்க நாலு பேரும் ஒரே ஒரு நாள் ஒண்ணும் யோசிக்காம இருங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று சொன்னது அவர் காதில் விழவில்லை.

அதற்குள் வேறு கவலை வந்து இந்தக் கவலையைத் தள்ளியது. பச்சை மாங்காய்.

“பழமா நெனைக்கச் சொல்லியிருக்காவ” என்று வண்டிமலையான் ஒருநாள் நெடுமூச்சு விட்டார். “மத்ததெல்லாம் நெனைச்சுட்டேன், அண்ணாச்சி. இந்த ஒண்ணை மட்டும் என்ன முக்கியும் நெனைக்க முடியல. அது காய்.”

நால்வரும் அதையே உற்றுப் பார்த்து, கண்ணை இறுக்கி மூடி, தனித்தனியாக நினைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் முடியவில்லை. தொழில் தெரிந்தவர்கள் காயைப் பழம் என்று எப்படி நினைப்பது? வாடிக்கையாளரிடம் சொல்லலாம்; அது வேறு. தனக்குள்ளேயே பொய் சொல்ல முடியுமா?

“அப்ப ஒரே வழிதான். பழுக்க வைக்கணும்” என்றார் தளவாய்.

மாங்காய் என்றால் வைக்கோல். படத்தை வைக்கோல் போரில் பொதிந்து வைத்தார்கள். தினமும் காலையில் தளவாய் கையை உள்ளே விட்டு, காயின் காம்புப் பக்கம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். கல் மாதிரி இருக்கும். சந்தேகத்துக்குப் பக்கத்துப் பழத்தையும் அமுக்கிப் பார்ப்பார். அதுவும் கல் மாதிரிதான் இருக்கும். “உசந்த சாதி. கனிஞ்சும் இளகலை பாரு” என்று வியந்துகொண்டு கையை எடுப்பார்.

நிச்சயம் நெருங்கிக்கொண்டே வந்தது. காய் நிறம் மாறவில்லை.

“வைக்கோல் கேக்காது. நம்ம மூட்டத்துக்கு அனுப்புங்க. ஒரே ராத்திரி, பொன்னாட்டம் வரும்” என்றார் வண்டிமலையான்.

“வாழைக்குப் போடுத மூட்டத்துல மாங்காயைப் போடலாமா?”

“தட்டுல வாழையும் இருக்குல்லா? அதோட அதுவும் போகட்டும். கூட்டாளி பழுத்தா தானும் பழுக்கும்.”

இதில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. புகையில் ஈ மூச்சுமுட்டிச் செத்துப்போனால்? மாப்பிள்ளை வீட்டு ஜீவன். நெடுநேரம் பேசி, அறைக் கதவில் ஈ வெளியே போக ஒரு துளை போட்டார்கள். போன ஈ வழி தவறிவிடாமல் இருக்க, துளைக்கு வெளியே கொஞ்சம் கருப்பட்டியும் வைத்தார்கள்.

படம் தார்களுக்கு நடுவே உள்ளே போனது. பானையில் காய்ந்த வாழைச்சருகைத் திணித்து, தீ எழாமல் கனியவிட்டு, கதவு இடுக்கையெல்லாம் களிமண்ணால் பூசினார் வண்டிமலையான். தளவாய் வெளியில் கைகூப்பி நின்றார்.

நிச்சயத்தன்று விடிந்ததும் கதவைத் திறந்தார்கள்.

என்ன சொல்ல! பித்தளைத் தாம்பாளம் பழைய கோயில் பாத்திரம் போல் கறுத்திருந்தது. திராட்சையின் பனித்துளியெல்லாம் தேன் துளியாகியிருந்தது. செவ்வாழை கருஞ்சிவப்பு. அந்தப் பச்சை மாங்காய்? பச்சை போன இடம் தெரியவில்லை. மஞ்சளும் பழுப்புமாக, தோப்பில் தானாகக் கனிந்து உதிர்ந்த பழம்போல் இருந்தது.

“பழுத்துருச்சு வே!” என்று வண்டிமலையான் கத்தினார். நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஈ உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. “துளை போட்டு வச்சிருந்தும் போகலை பாரும். குடும்பத்து மேல அம்புட்டுப் பாசம்” என்று இசக்கியப்பன் கண்ணைத் துடைத்தார்.

வீட்டு நடுக்கூடத்தில், சொந்தக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, படத்தை மணையில் சாய்த்து வைத்தார்கள். வெளிச்சத்தில் பார்த்ததும்தான் தளவாய்க்கு முகம் மாறியது. ஒரு காயைப் பழுக்க வைக்கப் போய், மற்றப் பழங்கள் ஒரு நாள் கூடிப்போயிருந்தன. வாழையில் கரும்புள்ளி. பப்பாளியின் ஓரம் கன்றியிருந்தது.

காந்திமதி பட்டுச்சேலையோடு ஓடிவந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யப்பா! என்ன செஞ்சு வச்சிருக்கிய!”

“பழுக்கத்தான் வச்சேன், தாயி.”

“யம்மா, போச்சு. எல்லாம் போச்சு” என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். செண்பகம் மகளைத் தூக்கி நிறுத்தி, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இன்னொரு மூட்டம் போட்டிருக்கலாம்.

மகள் அழுவதைத் தளவாயால் தாங்க முடியவில்லை. “இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாம் அழுகிரும் போலுக்கே. சம்பந்தி கண்ணு முன்னால அழுகிக் கெடந்தா சீரை மதிக்கலைன்னு ஆயிரும். என்ன செய்ய?” என்றார்.

“வந்த சீரை அழுகவிடுததுதான் பாவம். பங்கு வச்சுக் குடுத்துட்டா மரியாதை” என்றார் இசக்கியப்பன்.

கூட்டத்தில் எல்லோரும் அதுதான் முறை என்றார்கள். ஆளுக்கு ஒரு வாழையிலைத் துண்டும் வந்தது. பட்டமுத்துவுக்கு இத்தனை நாள் காத்திருந்த வேளை வந்துவிட்டது. கத்தியை உருவி, ஈரத்துணியால் துடைத்து, மாம்பழத்தின் தோள்பட்டையில் குறிவைத்து ஓங்கினார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு!” என்று வாசலில் குரல் கேட்டது.

ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. உலகநாதன் உள்ளே வந்தார். ஒல்லியான மனுஷர்; வணக்கம் சொல்லக்கூட நிற்காமல் நேராகப் படத்தின் முன் போய் நின்றார்.

அவர் கிட்டத்தில் பார்த்தார். எட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். செண்பகம் காபித் தம்ளரோடு நின்றாள். குடிப்பாரா, குடிக்காமலே போய்விடுவாரா என்று தெரியாததால் நீட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“இந்த நிறம்” என்றார் உலகநாதன், ஈனக்குரலில். “பழைய அரண்மனைப் படங்கள்ல மட்டும் இருக்கும். வாழ்நாளெல்லாம் இதைத் தேடுதேன். எந்தச் சாயத்தைக் கலந்தும் வரலை. யாரு செஞ்சது?”

“நான்தான்” என்றார் தளவாய். பிறகு, சங்கத் தலைவருக்குரிய நேர்மையோடு, “நாங்க நாலு பேரும்தான்” என்று திருத்திக்கொண்டார்.

“என்ன கலந்திய?”

“வாழைச்சருகு” என்றார் வண்டிமலையான்.

உலகநாதன் பட்டமுத்துவின் கத்தியைப் பார்த்தார். வரிசையாக வாழையிலைத் துண்டோடு உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தார். “இது எதுக்கு?”

“அழுகுததுக்கு முன்னால பங்கு வைக்கலாம்னு...” என்று இழுத்தார் தளவாய். “நீங்க பழமாவே நெனைக்கச் சொன்னிய. நாங்க நெனைச்சோம். தப்பா நெனைச்சிருந்தா எம்மேல கோவிச்சுக்கிடுங்க. புள்ளை மேல கோவிக்காதிய.”

உலகநாதனின் மூக்கு சிவந்தது. உதடு துடித்தது. திட்டப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தளவாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

“கண்காட்சியில வச்சிருக்கேன். பெரிய பெரிய ஆளுங்களுக்குக் காட்டியிருக்கேன். வாரவன் எல்லாம் ‘படம் நல்லாருக்கு, படம் நல்லாருக்கு’ன்னுட்டுப் போயிருவான். ஒரு பய இலை போட்டு உக்காந்ததில்லை!”

செண்பகம் காபியை நீட்டினாள். அவர் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். கதவுக்குப் பின்னால் காந்திமதி கண்ணாடி இல்லாமலேயே சிரித்தாள்.

அந்தத் தைரியத்தில் தளவாய் மனசை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார். “சம்பந்தி, ஒரு விஷயம். பப்பாளியில ஒரு கீத்து குறையுது. எங்க பக்கம் நல்லா விசாரிச்சுட்டோம். நாங்க எடுக்கலை.”

உலகநாதன் தலையைக் குனிந்தார். காதோரம் சிவந்தது. “அது... வரையும்போது பசிச்சுது. நான்தான் தின்னுட்டேன். உள்ளதை உள்ளபடிதான வரையணும்? மிச்சம் இருந்ததை வரைஞ்சேன்.”

பட்டமுத்து நெஞ்சை நிமிர்த்தி நாலா பக்கமும் பார்த்தார்.

“ஆனா இந்த ஈயை நான் வரையலையே” என்றார் உலகநாதன், படத்தருகே குனிந்து. நகத்தால் மெல்லச் சுரண்டினார். “வண்ணம் காயுததுக்கு முன்னால வந்து ஒட்டிக்கிட்டு செத்துப்போயிருக்கு.”

ஜமக்காளத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்படியானால் நல்ல காரியம் நடக்கிற வீட்டில் ஒரு சாவு. யார் வீட்டுச் சாவு, தீட்டு யாருக்கு? மாப்பிள்ளை வீட்டில் செத்ததா, பெண் வீட்டுப் புகையில் செத்ததா? கடைசியில், ஈ தென்காசியிலேயே காலமாகிவிட்டதென்றும், நாள் ஆகிவிட்டதால் தீட்டு கழிந்துவிட்டதென்றும் முடிவு செய்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

புறப்படும்போது உலகநாதன் வாசலில் நின்று திரும்பினார். “சம்பந்தி, பழத்தைத் தவிர வேற வரையுததில்லைன்னு இருந்தேன். உங்களைப் பாத்த பொறவு கை ஊறுது. என் மவனையே வரைஞ்சு அனுப்புதேன். சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லுதேன்: படமா நெனைக்காதிய. மாப்பிள்ளையாவே நெனைங்க.”

சொன்னபடியே கொஞ்ச நாளில் படம் வந்தது. ஜிப்பா போட்டு, கையைக் கட்டி நிற்கிற மாப்பிள்ளை. ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டார்கள். இலை போட்டு, முதல் விருந்துக்கு உள்ள பதார்த்தம் எல்லாம் பரிமாறினார்கள். மாப்பிள்ளை எதையும் தொடவில்லை. கூச்ச சுபாவம் என்று தளவாய் மெச்சிக்கொண்டார்.

வண்டிமலையான் மட்டும் சிவந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விழுகிற கன்னத்தில் உலகநாதன் லேசாகப் பச்சை தீட்டியிருந்தார்.

சாயங்காலம் காந்திமதி பூ வைத்துக்கொண்டு, மெல்லக் கூடத்துக்கு வந்து பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

“யப்பா, அவுக எங்க?”

“மூட்டத்துல இருக்காவ, தாயி” என்றார் தளவாய், மகளின் தலையைத் தடவி. “பயப்படாத. முகூர்த்தத்துக்கு நாள் கெடக்கு, அதுக்குள்ள நல்லாப் பழுத்துருவாவ. என்ன, பட்டமுத்துதான் வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்னு கத்தியோட வாசல்லயே நிக்கான். கல்யாணம் முடியட்டும்வேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”